துருப்பிடித்த குழாயோடு சிட்னிக்கு

"இதில் ஒட்டியிருப்பது எந்த ஊர் மண்?"

சிட்னி விமான நிலையத்தில் என்னைத் தனியாக நிறுத்தி அந்த அதிகாரி அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். கையுறை போட்ட கையில் என் பெட்டியிலிருந்து எடுத்த இரும்புக் குழாய்த் துண்டு. ஒரு முழ நீளம். துருவேறி, பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது.

உகாண்டா மண் என்றேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைக் கேட்பதற்கு முன்பே நீட்டினேன். அவர் இன்னொரு தாளைக் காட்டினார். விமானத்தில் கொடுத்த படிவம் அது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உகாண்டாவில் வேலை செய்து கொஞ்சம் இங்கிலீஷ் வந்திருக்கிறதே தவிர, படிவம் நிரப்ப இன்னும் வராது. இல்லை என்று போட்டு ஏதாவது அகப்பட்டால் ஜெயில்தான் என்று பயந்து எல்லாக் கேள்விக்கும் 'ஆமாம்' போட்டிருந்தேன். போதை மருந்து, துப்பாக்கி பற்றிய கேள்வியும் அதில் இருந்திருக்கிறது.

அவர் சிரித்துவிட்டார். குழாயைக் கொண்டுபோய் மண் போகத் தேய்த்துக் கழுவி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். "இந்தக் குப்பையை எதற்கு இவ்வளவு தூரம் சுமந்து வந்தீர்கள்?" என்று கேட்டார்.

பையை வாங்கிப் பெட்டியின் அடியில் திணித்தேன்.

எனக்குத் திருச்செங்கோடு பக்கம். பதினாலு வயதில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் ஏறியவன். பிறகு கைப்பம்பு மாட்டுவது, கழற்றுவது, பழுது பார்ப்பது என்று ஊர் ஊராகப் போய், கடைசியில் உகாண்டாவின் வடக்கே ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். சிட்னியிலும் மெல்போர்னிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து எங்களுக்கு ஆறு கிணறு போட்டுக் கொடுத்திருந்தன. மெல்போர்னில் ஒரு கூட்டம் போட்டு இன்னும் பத்துக் கிணறு கேட்கலாம் என்பது எங்கள் மேலாளரின் திட்டம். வழக்கமாக அவர்தான் இப்படிப் பயணம் போவார். அந்த 2012 ஆகஸ்டில் அவருக்கு முதுகுப் பிடிப்பு, எழுந்திருக்க முடியவில்லை. "நீ போ, பழனிசாமி. படத்தைக் காட்டு. நல்லதை மட்டும் சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

நல்லது அல்லாதது பெட்டிக்குள் இருந்தது. ஆறு கிணற்றில் முதல் கிணறு நின்றுபோய் நாலு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கிணற்றுக்குப் பணம் கொடுத்தவர் வீட்டில்தான் எனக்குத் தங்கல்.

சிவநேசன் ஐயாவும் அவர் மனைவி ராணி அக்காவும் ஹோம்புஷில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஐயா ரயில்வே பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்டில் அங்கே குளிர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பருத்திச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு போய் நின்ற என்னைப் பார்த்ததும் ராணி அக்கா ஐயாவின் கம்பளிச் சட்டையை எடுத்து வந்து கொடுத்தார். "குசினிக்குள்ள வந்து இருங்கோ, அங்கதான் சூடு. அந்தக் கதிரையை இழுத்துப் போடுங்கோ."

சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் இடியப்பமும் சொதியும் வைத்தார். எங்கள் பக்கத்துச் சந்தகைக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே முகம். தேங்காய்ப்பால் சொதி மட்டும் எனக்குப் புதிது. மூன்றாவது வாய் எடுக்கும்போதுதான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.

ஒரு வயதான அம்மாவின் படம். அதன் பக்கத்தில் இன்னொரு சட்டத்துக்குள் நான் மாட்டிய பம்பு. பம்பின் மேடையில் தகடு: 'மகேஸ்வரி அம்மா நினைவாக'. இரண்டு படத்துக்கும் சேர்த்து ஒரு விளக்கு.

ஐயாவின் தாயார் 2009இல் வன்னியில் இடம்பெயர்ந்து, முகாமில் இறந்துபோனார். அங்கே தண்ணீருக்கு விடியும் முன்பே வரிசை நிற்குமாம். யார் புதைத்தார்கள், எந்த இடத்தில் என்று இவருக்கு இன்றைக்கும் தெரியாது. காரியம் செய்யவும் வழியில்லை. அடுத்த ஆண்டு யாரோ சொல்லி, அம்மா பேரில் எங்கோ தண்ணீராவது போகட்டும் என்று உகாண்டாவுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார். இதெல்லாம் ராணி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அதுவரை அது ஒரு பம்பு எண். அவ்வளவுதான்.

ஐயா மெதுவாகக் கேட்டார். "அம்மான்ர கிணறு எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்குதுங்க."

சொல்லிவிட்டேன். வாயில் இடியப்பம் இருந்தது. அதை விழுங்கிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். விழுங்கத்தான் முடிந்தது.

மறுநாள் ஊர் காட்டுகிறேன் என்று ஐயா அழைத்துப் போனார். ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் ஏறினோம். ஒரே பெட்டிக்குள் மாடியும் கீழும் உண்டு. மேலே இருந்தால் நன்றாகத் தெரியும் என்று என்னை மாடிக்கு அனுப்பிவிட்டு, முழங்கால் வலி என்று அவர் கதவோரத்திலேயே நின்றுகொண்டார். எங்கே இறங்குவது, கதவு தானாகத் திறக்குமா, அவர் என்னை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. அவ்வளவு கவனமாக இருந்தும் அவர் கீழே இருந்து கூப்பிட்டபோது படிக்கட்டில் ஒரு பெண், குழந்தை வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அவரைத் தள்ளிக்கொண்டு போக மனசு வரவில்லை. கதவு மூடிவிட்டது. பிளாட்பாரத்தில் இறங்கிவிட்ட ஐயா இரண்டு கையையும் தூக்கி ஏதோ சொல்வது மட்டும் தெரிந்தது.

அடுத்த நிமிஷம் ரயில் பாலத்தின் மேல் ஏறியது. கீழே கடல், கப்பல்கள், காலண்டரில் பார்த்த அந்தச் சிப்பி போன்ற கட்டடம். உலகமே காசு கொடுத்துப் பார்க்க வரும் காட்சியை நான் சட்டைப்பையில் பாஸ்போர்ட்டை அழுத்திப் பிடித்தபடி பார்த்தேன்.

பாலம் தாண்டி முதல் நிலையத்தில் இறங்கி நின்றேன். நிலையத்து ஊழியர் ஒருவர், தாடிக்காரர், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். சீட்டில் எழுதி வைத்திருந்த நம்பருக்குத் தன் போனிலிருந்தே பேசி, "உங்கள் நண்பர் வருகிறார். ஓடிவிடாதீர்கள்" என்றார். பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. அழுத்தினால் வாய்க்கு நேராகத் தண்ணீர் எழும்பியது. யாரும் வரிசையில் இல்லை. யாரும் காவல் இல்லை. இரண்டாவது தடவையும் அழுத்திப் பார்த்தேன். தாகத்துக்காக அல்ல.

அந்தக் குழாய்க்குப் பின்னால் எவ்வளவு பேர் வேலை பார்ப்பார்கள் என்றுதான் யோசித்தேன். வாஷர் மாற்ற ஒருவர், சோதிக்க ஒருவர், கெட்டுப்போனால் போன் எடுக்க ஒருவர். குழாயைத் திறந்து வைத்தவர் பெயர் எங்கும் எழுதவில்லை. நாங்கள் உகாண்டாவில் பெயரை எழுதிவிட்டு வந்துவிட்டோம்.

ஐயா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "எங்க போயிட்டீங்கள் ஐசே! ராணி என்னைக் கொன்று போட்டிடுவா!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஐயா, அந்தக் கிணறு..." "ஓம், அதின்ர படத்தைத்தான் மெல்போர்ன் கூட்டத்தில முதல்ல போட வேணும்" என்றார். அத்தோடு முடிந்தது.

மூன்றாம் நாள் மூவரும் மெல்போர்ன் போனோம். பாயிண்ட் குக் என்ற புறநகரில் ரமேஷ், கவிதா என்ற தம்பதியின் வீடு. இருவரும் கோயமுத்தூர், கம்ப்யூட்டர் வேலை. என் பேச்சைக் கேட்டதும் கவிதாவுக்கு ஒரே சந்தோஷம். "ஏனுங்ணா, நம்மூர்க்காரரா நீங்க! அரிசிம்பருப்புச் சாதம் பண்ணட்டுங்களா?" நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சோறு. நெய் விட்டு, அப்பளத்தோடு. அன்றைக்கு மட்டும் கவலையில்லாமல் சாப்பிட்டேன் என்று எழுத ஆசைதான்.

அவர்கள் குளியலறைச் சுவரில் சின்ன மணல் கடிகாரம் ஒன்று ஒட்டியிருந்தது. காலடியில் வாளி. நாலு நிமிஷத்தில் மணல் இறங்கிவிடும், அதற்குள் குளித்துவிட வேண்டுமாம். நான் பயந்துபோய் சோப்பு போகாமலே வெளியே வந்தேன். கவிதா சிரித்தார். "தண்ணிப் பஞ்சமெல்லாம் முடிஞ்சிருச்சுங்ணா. அப்பப் பழகுனது விடல. வாளித் தண்ணியைச் செடிக்கு ஊத்தாட்டி இவருக்குத் தூக்கம் வராது." மழை வந்த பிறகும் அந்த வாளியை அங்கேயே வைத்திருந்த குடும்பம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

கூட்டம் மறுநாள் மதியம், பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஒரு பக்கம் வடை, கட்லட், ரோல்ஸ். குழாயைப் பையோடு நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தேன்.

ரமேஷ்தான் பேசத் தொடங்கினார். கிணறு வேண்டுகிறவர்கள் கை தூக்கலாம் என்றார். நான் நினைத்ததைவிட வேகமாகக் கைகள் எழுந்தன. ஒருவர் மாமனார் நினைவாக. ஒருவர் மகளின் முதல் பிறந்த நாளுக்கு. ஒருவருக்குத் தகடு தமிழிலும் இங்கிலீஷிலும் வேண்டும். "கிரானைட்டில போடலாமா?" என்று ஒருவர். "எங்க அப்பா பேருக்குப் பின்னாடி பி.ஏ.ன்னு மறக்காம போடணுங்க" என்று இன்னொருவர். பத்துக் கிணறும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் போல இருந்தது. மேலாளர் இருந்திருந்தால் சந்தோஷத்தில் அழுதிருப்பார்.

திரையில் மகேஸ்வரி அம்மாவின் பம்பு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஐயா முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பின்னாலிருந்து ஒரு பெண் சாதாரணமாகக் கேட்டார். "ஒரு தடவை போட்டா எத்தனை வருஷம் தாங்குங்க?"

நான் குனிந்து பையை எடுத்தேன். மேசைமேல் வைத்தபோது குழாய் உருண்டு ணங்கென்று மைக்கில் இடித்தது.

"இது அந்தப் பம்புலருந்து கழட்டுனதுங்க. ஒன்றரை வருஷத்துல இப்படி ஆயிருச்சுங்க."

மண்டபத்தில் ரோல்ஸ் தின்பவர்கள் கூட நிறுத்திவிட்டார்கள். நான் ஐயாவைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன். எங்கள் ஊரில் ஜி.ஐ. என்னும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இறக்கினால் பத்துப் பதினைந்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம். அந்தத் தைரியத்தில், மலிவாக முடித்தால் இன்னொரு கிணறு போடலாமே என்று, இதையே போடலாம் என்று அடித்துச் சொன்னவன் நான்தான். அந்த மண்ணின் தண்ணீர் வேறு. இரும்பைத் தின்கிற தண்ணீர். முதலில் சிவப்பாக வந்தது. வெள்ளைத் துணி பழுப்பேறியது, டீ கறுத்தது. பெண்கள் முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு குழாய் ஓட்டையாகி, கைப்பிடியை அடித்தால் காற்றுதான் வந்தது. மற்ற ஐந்தும் அதே குழாய். இரண்டில் சிவப்பு தொடங்கிவிட்டது.

"பத்துக் கிணறு போடாட்டியும் பரவாயில்லீங்க. இந்த ஆறுக்கும் துருப்பிடிக்காத குழாய் வேணும். வருஷா வருஷம் வாஷர் மாத்தணும். அங்கயே ரெண்டு பொம்பளைங்க வேலை கத்துக்கிட்டு இருக்காங்க, அவங்களுக்குச் சம்பளம் வேணும்."

பிறந்த நாள் கிணறு கேட்ட தகப்பன் எழுந்தார். "தப்பா நினைக்காதீங்க. பொண்ணு பர்த்டேக்கு வாஷர் போட்டோவா இன்விடேஷன்ல போடறது?" சிலர் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பக்கத்துச் சுவரோரம் நின்ற ஒருவர் சத்தமாகப் பேசினார். தயாபரன் என்று பெயர். படகில் அகதியாக வந்தவர், இப்போது கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. "வில்லாவுட் தடுப்பு முகாமில நான் பதினொரு மாதம் இருந்தனான். எங்கட ஆக்கள் இன்னும் உள்ள இருக்கினம். அவைக்கு ஒரு கூட்டம் வைச்சா நாலு பேர் வரமாட்டினம். நீங்கள் ஆப்பிரிக்காவுக்குத் தகடு அடிக்கிறியள். இப்ப அதுவும் தண்ணி வராத தகடு."

அதற்குப் பதில் எனக்குத் தெரியாது என்று மைக்கிலேயே சொன்னேன்.

ஐயா எழுந்தார். யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். கதவு ஆடி நின்றது. இனி என்ன, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று குழாயைப் பைக்குள் தள்ளத் தொடங்கினேன்.

"பொறுங்கோ" என்றார் ராணி அக்கா. உட்கார்ந்தபடியே. "இப்ப அந்தப் பொம்பிளையள் எங்க தண்ணி அள்ளுகினம்?"

"பழைய குட்டையிலங்க. மாடு இறங்குற குட்டை."

"எங்கட மாமியின்ர பேரைத் தாண்டிப் போய் குட்டையில அள்ளுகினம்?"

"ஆமாங்க."

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எங்கட ஊர்க் கோயில்ல கொடியேத்தம் ஒரு குடும்பத்தின்ர உபயம், தேர் இன்னொரு குடும்பத்தின்ர. எங்களுக்கு ஏழாந் திருவிழா. ஒருக்காச் செய்து போட்டு, பேரை எழுதிப் போட்டு, விட்டிட்டுப் போறதே? வருஷா வருஷம் செய்ய வேணும். இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ இருந்த வருஷமும் அந்த நாளைக்கு ஒரு தேங்காய் உடைச்சனாங்கள். இதையும் அப்பிடிச் செய்தா என்ன? பன்ரெண்டு மாசம் இருக்கு. மாசத்துக்கு ஒரு வீடு, அந்த மாசக் கிணத்துச் செலவு அவையின்ர. எங்களுக்கு மாசி தாருங்கோ, மாமி கண் மூடின மாசம்."

"தகடு?" என்றார் ஒருவர்.

"திருவிழாக்குத் தகடே அடிக்கிறம்? அந்த நாள் ஆரின்ர நாள் எண்டு ஊருக்குத் தெரியும்."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பிறந்த நாள்காரர் மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார். பி.ஏ. அப்பாவின் மகன் வேறு அமைப்பில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். ஆனால் வடை தீர்வதற்குள் ஏழு மாதத்துக்கு வீடு கிடைத்துவிட்டது. சித்திரைக்கு மட்டும் இரண்டு பேர் போட்டி. கவிதா ஐப்பசியைக் கேட்டு வாங்கினார்.

நாற்காலி அடுக்கும்போது தயாபரன் வந்தார். குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தார். "வன்னியில நானும் குழாய்க்கிணறு அடிச்சனான். இறக்க முதல் தண்ணியைப் பரிசோதிக்கேல்லையா?"

"இல்லீங்க."

"மடத்தனம்" என்றார். நான் தலையாட்டினேன். குழாயைத் திருப்பித் தந்துவிட்டு, இன்னும் நாலு நாற்காலியை ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு போனார். உபயம் எதுவும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை கவிதா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐயா எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வந்த அண்டைக்கே கேட்டனான். நல்லா இருக்கெண்டனீங்கள்."

"ஆமாங்க. பொய் சொன்னனுங்க."

"கோவமில்லை எண்டு நான் சொல்லமாட்டன்." தோசையைப் பிய்த்து, தின்னாமல் தட்டிலேயே வைத்தார். "போன உடன அந்தத் தகட்டைக் கழட்டுங்கோ. தண்ணி இல்லாத இடத்தில அம்மான்ர பேர் நிக்கக் கூடாது."

திரும்பிப் போனதும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். நாலு திருகாணி. பழைய துணியில் சுற்றி என் அறைப் பெட்டியில் வைத்தேன். மேலாளர் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு பணம் வந்தது. துருப்பிடிக்காத குழாய்கள் வந்தன. வேலை கற்ற பெண்கள் இருவரில் மூத்தவர் பெயர் அபியோ. இந்தத் தடவை தண்ணீரைச் சோதித்த பிறகுதான் குழாயில் கை வைப்பேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க நான் பாட்டிலைக் கொண்டுவந்தேன்.

தண்ணீர் தெளிவாக வந்து ஒரு வாரம் காத்திருந்தேன். மறுபடியும் சிவக்குமோ என்ற பயம். எட்டாம் நாள் காலை பம்பின் பக்கத்தில் நின்று ஹோம்புஷுக்குப் போன் போட்டேன். அங்கே மத்தியானம்.

"ஐயா, தண்ணி வந்துருச்சுங்க."

போனைப் பம்புப் பக்கம் நீட்டினேன். கைப்பிடி ஏறி இறங்கும் சத்தம். அதைவிடப் பெரிதாக, மஞ்சள் குடத்தை யார் முதலில் வைத்தது என்று இரண்டு பெண்கள் போட்ட சண்டை. அபியோ இருவரையும் அதட்டுவது வேறு.

"என்ன சத்தம் அது?"

"வரிசைச் சண்டைங்க."

ஐயா சிரித்தார். "அம்மாவும் பைப்படியில விட்டுக் குடுக்கமாட்டா" என்றார்.

"தகட்டைத் திருப்பி மாட்டிரட்டுங்களா?"

பதில் கேட்கப் பம்பை விட்டு நாலடி தள்ளிப் போனேன்.

"ஒரு வருஷம் ஓடட்டும், பழனிசாமி. மாசியில நான் போன் எடுப்பன். எப்பிடி இருக்கெண்டு கேப்பன். நல்லா இல்லையெண்டால், இல்லையெண்டே சொல்லுங்கோ."